நெய் வேஷம் போட்ட எண்ணெய்

ஒரு பண்டம் நல்லதா கெட்டதா என்று அறிய நம் முன்னோர்களுக்கு மூன்று சாட்சிகள் இருந்தன. கண் நிறத்தைச் சொல்லிற்று. மூக்கு மணத்தைச் சொல்லிற்று. நாக்கு ருசியைச் சொல்லிற்று. இந்த மூவரும் ஒரே வாக்காக "நல்லது" என்றால் பண்டம் அடுக்களைக்குள் வந்தது. ஒருவர் முகம் சுளித்தாலும் வெளியே போயிற்று. பெரும்பாலும் அந்தத் தீர்ப்புப் பிழைபடவில்லை.

இன்று அந்த மூன்று சாட்சிகளையும் வியாபாரம் விலை கொடுத்து வாங்கிவிட்டது. பழத்தின் நிறம் ஒரு புட்டியிலே கிடைக்கிறது; பழத்தின் வாசனை மற்றொரு புட்டியிலே கிடைக்கிறது; பழம் மட்டுந்தான் கிடைப்பதில்லை! வெண்ணெய் இல்லாத பிஸ்கோத்து வெண்ணெயாக மணக்கிறது. மாதக்கணக்கில் பெட்டியிலே கிடந்த பலகாரம், நேற்றுச் சுட்டது போல் மொறமொறக்கிறது. கண்ணும் மூக்கும் நாக்கும் ஏமாந்துபோன இடத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது அறிவு ஒன்றே. அந்த அறிவை உபயோகிக்கும் வழியைப் பற்றி வாசகர்களுடன், முக்கியமாகக் குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களுடன், சிறிது பேச விரும்புகிறோம்.

இதற்கு நாம் தேடி எடுத்துக்கொள்ளும் கதை, நம் தேசத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு டின்னின் கதை.

டின்னிலே வந்த 'நெய்'

திரவமாக இருக்கும் தாவர எண்ணெயை நெய் போல் உறையச் செய்யும் வித்தை, ஐரோப்பாவில் பிறந்தது. நிக்கல் என்ற உலோகத் தூளின் துணையால் ஹைட்ரஜன் வாயுவைப் பிற பொருள்களில் ஏற்றலாம் என்று பால் ஸபாடியே என்ற பிரெஞ்சு ரஸாயன நிபுணர் கண்டார்; அதற்காக 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். அதே முறையை எண்ணெய்க்குப் பிரயோகித்து 1902-இல் பாத்தியதை உரிமை பதிவு செய்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன். 1911-இல் அமெரிக்காவில் 'கிரிஸ்கோ' என்ற பெயரில் பருத்திக்கொட்டை எண்ணெய் வெண்மையான கொழுப்பாக உருமாறிக் கடைக்கு வந்தது.

இந்தியாவிலே இந்தப் பொருளுக்கு 'வனஸ்பதி' என்று அழகான பெயர் சூட்டினார்கள். வனஸ்பதி என்றால் காட்டு மரம், செடி கொடி என்று பொருள். பெயரைக் கேட்டால் ரிஷிகளின் ஆசிரமம் ஞாபகத்துக்கு வரும். தொழிற்சாலையின் புகைபோக்கி ஞாபகத்துக்கு வராது. 1937-இல் 'டால்டா' என்ற முத்திரையுடன் வனஸ்பதி விற்பனைக்கு வந்தது. மஞ்சள் டின், அதன்மேல் பச்சைப் பனை மரம். விளம்பரத்தின் திறமையால் சில ஆண்டுகளுக்குள் எந்தக் கம்பெனி தயாரித்த வனஸ்பதிக்கும் டால்டா என்றே பெயராயிற்று. பண்டம் தீர்ந்த பிறகும் டின் தீரவில்லை. அரிசி அளக்கவும், தண்ணீர் மொள்ளவும், துளசிச் செடி வைக்கவும் அது பயன்பட்டது. தமிழ் வீடுகளில் அதனுடைய ஆட்சி அவ்வளவு பலமாக இருந்தது.

அதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. பசு நெய் விலை உயர்ந்தது, ஏழைக்கு எட்டாதது. வனஸ்பதி மலிவு, நெடுநாள் கெடாது, பலகாரம் நெய்யில் செய்தது போலவே மொறுமொறுப்பாக வரும். தீபாவளிக்கு ஒரு நாள் தன் குழந்தைகளுக்கு 'நெய்' மிட்டாய் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட கூலிக்காரனை நாம் எப்படிக் குறை சொல்ல முடியும்? குற்றம் வாங்கினவனுடையதல்ல. அவனிடம் விற்கப்பட்டது என்ன என்பதே கேள்வி.

எண்ணெய் எப்படி உறைகிறது?

கடலை எண்ணெயோ பருத்திக்கொட்டை எண்ணெயோ உறையாமல் ஓடுவதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. கொழுப்பின் அணுக்கோவைகள் நீண்ட சங்கிலிகளைப் போன்றவை. தாவர எண்ணெயில் இந்தச் சங்கிலிகள் ஆங்காங்கே வளைந்திருக்கின்றன. வளைந்த குச்சிகளைக் கட்டாகக் கட்ட முடியாதது போல, அவை நெருங்கி அடுங்குவதில்லை. ஆகவே எண்ணெய் திரவமாக இருக்கிறது.

எண்ணெயைக் காய்ச்சி, நிக்கல் தூள் கலந்து, அழுத்தத்துடன் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் வளைவுகள் நிமிர்கின்றன. நிமிர்ந்த குச்சிகள் கட்டாக அடங்குகின்றன, எண்ணெய் உறைகிறது. ஆனால் முழுவதும் நிமிர்த்திவிட்டால் மெழுகுபோல் கட்டியாகிவிடும், உண்ண லாயக்கில்லை. ஆகவே பாதியில் நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தும்போது சில சங்கிலிகள் ஹைட்ரஜனை ஏற்காமலே, அந்த வளைவு இருந்த இடத்தில் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்து விடுகின்றன. இவைதான் 'டிரான்ஸ் கொழுப்பு' எனப்படுவது. பாலிலும் நெய்யிலும் இயற்கையாகவே இது சிறிதளவு உண்டு. தொழிற்சாலை முறையிலோ இது பெருமளவில் உண்டாயிற்று.

தொழிற்சாலை இதைக் கண்டு வருந்தவில்லை. ஏனெனில் இந்தக் கொழுப்புச் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. பலகாரத்துக்கு நல்ல பதம் தரும். வியாபாரிக்கு எது குணமோ அதுவே உண்பவனுக்குத் தோஷமாயிற்று. அந்தத் தோஷம் வெளிப்படுவதற்கு அநேக ஆண்டுகள் சென்றன.

அன்றைய எதிர்ப்பு

வனஸ்பதி வந்த நாள் முதல் நம் தேசத்தில் எதிர்ப்பும் இருந்தது. மகாத்மா காந்தி 1946-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார். நெய்யல்லாத ஒன்று நெய்யின் தோற்றத்துடன் விற்கப்படுவதும், அசல் நெய்யிலே இரகசியமாகக் கலக்கப்படுவதும் ஜனங்களை ஏமாற்றுவதாகும் என்பது அக்கண்டனத்தின் சாரம். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வனஸ்பதியைத் தடை செய்யும் மசோதா ஒன்று பார்லிமெண்டில் பிரேரேபிக்கப்பட்டது, அது நிறைவேறவில்லை.

தடை செய்யாவிட்டால் வனஸ்பதிக்கு ஏதாவது நிறமாவது கொடுங்கள், நெய்யில் கலந்தால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பலர் கேட்டார்கள். எளிதில் நீக்க முடியாததும், உடம்புக்குக் கெடுதல் இல்லாததுமான சாயம் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் நம் நல்லெண்ணெய்தான் கை கொடுத்தது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. காரணம் ருசியல்ல. நல்லெண்ணெய் கலந்த கொழுப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பர்ப்யூரால் என்ற ரஸாயனமும் சேர்த்துக் குலுக்கினால் ரோஜாச் சிவப்பு நிறம் உண்டாகும். பசு நெய்யில் அப்படி உண்டாகாது. சந்தேகமான நெய்யைப் பரிசோதனைச் சாலையில் இப்படிச் சோதித்தால், கலப்படம் சிவந்த முகத்துடன் வெளியே வந்துவிடும். திருடனுடைய மடியிலே சலங்கை கட்டி அனுப்பியது போன்ற ஏற்பாடு இது!

ஆனால் இதிலே நாம் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்று எதிர்த்தவர்களின் கவலை கலப்படத்தைப் பற்றியதும், வைட்டமின் குறைவைப் பற்றியதும் ஆகும். சர்க்கார் வைட்டமின் 'ஏ' சேர்க்கச் செய்தது; நல்லெண்ணெயைச் சேர்க்கச் செய்தது. இரண்டு புகார்களுக்கும் பதில் கிடைத்துவிட்டதால் விவாதம் ஓய்ந்தது. இருதயத்தை அது என்ன செய்கிறது என்று கேட்கும் சாஸ்திரம் அப்போது வளரவில்லை. கேட்காத கேள்விக்கு எந்தப் பரிசோதனைச் சாலையும் பதில் சொல்லாது.

தாமதமாக வந்த தீர்ப்பு

1990-இல் ஹாலந்து தேசத்தில் மென்ஸிங்க், காட்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான 59 பேருக்கு மும்மூன்று வாரங்கள் வெவ்வேறு கொழுப்புகள் அடங்கிய ஆகாரம் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். டிரான்ஸ் கொழுப்பு உண்டபோது, ரத்தக் குழாய்களில் படிந்து அடைக்கும் எல்.டி.எல். கொலஸ்டிரால் கூடிற்று, காக்கும் எச்.டி.எல். கொலஸ்டிரால் குறைந்தது. மற்றக் கொழுப்புகள் ஒரு பக்கம் தீமை செய்தால், இது இரண்டு பக்கமும் தீமை செய்தது. 1993-இல் அமெரிக்காவில் சுமார் 85,000 நர்ஸுகளை எட்டு ஆண்டுகள் கவனித்து வந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. டிரான்ஸ் கொழுப்பு அதிகம் உண்டவர்களிடையே மாரடைப்பும் அதிகமாகவே இருந்தது.

டென்மார்க் 2003-இல் சட்டம் செய்தது: உணவிலுள்ள கொழுப்பில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு இருக்கலாகாது. உலகிலேயே முதலில் அவ்வாறு செய்த தேசம் அது. அமெரிக்கா, பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களை உணவில் சேர்ப்பது பத்திரமானதல்ல என்று 2015-இல் தீர்மானித்தது; அத்தீர்மானம் 2018-இல் அமலுக்கு வந்தது. டிரான்ஸ் கொழுப்பினால் ஆண்டுதோறும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருதய நோயால் மடிகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் கணக்குச் சொல்லிற்று.

நம் தேசத்தில் வரம்பு படிப்படியாகவே இறங்கிற்று. முதலில் நூற்றுக்கு 10, பிறகு 5, 2021-இல் 3, 2022 ஜனவரி முதல் 2. நல்ல காரியந்தான்; சந்தோஷப்படுகிறோம். ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். டால்டா டின் நம் வீட்டுக்கு வந்த 1937-க்கும் இந்த 2022-க்கும் இடையே 85 ஆண்டுகள். மூன்று தலைமுறைகள் உண்டுவிட்டன. அவற்றிலும் அதிகமாக உண்டவர்கள், அசல் நெய் வாங்க வகையில்லாத எளியவர்களே.

ஆகவே இந்தக் கதையிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இதுதான். ஒரு பண்டம் இன்ன நோயைத் தரும் என்று நிரூபணமாகும் வரையில் காத்திருந்தால், நிரூபணம் நம் பேரன் காலத்தில் வந்து சேரும். 'இது தான் அல்லாத ஒன்றாக வேஷம் போடுகிறதா?' என்ற கேள்வியை இன்றைக்கே கேட்கலாம். அதற்குப் பரிசோதனைச் சாலை வேண்டாம்.

வேஷங்கள் பலவிதம்

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவோம்.

திருவிழாவிலே பஞ்சு மிட்டாய். ரோஜா நிறத்தைக் காட்டிக் குழந்தைகளை இழுக்கிறது. அதிலே ரோடமின்-பி என்ற சாயம் இருக்கக் கண்டு, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், பிறகு தமிழ் நாட்டிலும் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. ரோடமின்-பி, துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம். வேஷ்டிக்குப் போடவேண்டியதைக் குழந்தையின் வயிற்றுக்குப் போட்டிருக்கிறார்கள்! லட்டு, ஜிலேபிக்கு மஞ்சள் நிறம் தரச் சிலர் உபயோகிக்கும் மெட்டானில் மஞ்சளும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. உணவில் அதற்கு அனுமதி கிடையாது.

அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் நம் சட்டத்தில் எட்டு. அவற்றையும் அளவில்லாமல் கொட்டலாம் என்பதல்ல. 2007-இல் இங்கிலாந்தில் சௌதாம்டன் சர்வகலாசாலையார் மூன்று வயதுக் குழந்தைகளையும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளையும் சோதித்தார்கள். சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்ஸோயேட் என்ற பாதுகாப்புப் பொருளும் கலந்த பானம் குடித்த குழந்தைகளிடம் நிலைகொள்ளாத துடிதுடிப்பு ஓரளவு அதிகமாயிற்று. 2010 முதல் ஐரோப்பாவில் அந்த நிறங்கள் சேர்ந்த உணவுகளின்மேல் எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று விதியாயிற்று. நிறத்தினால் உணவுக்குச் சத்தும் இல்லை, ருசியும் இல்லை. கண்ணை ஏமாற்றுவது ஒன்றே அதன் உத்தியோகம். அப்படியிருக்க, சிறு அபாயத்தையாவது நாம் ஏன் ஏற்கவேண்டும்?

அடுத்தது ரொட்டி. மாவு நன்றாக உப்பி, வெண்மையாகவும் மெத்தென்றும் வருவதற்குப் பொட்டாஸியம் புரோமேட் சேர்ப்பது வெகு காலத்து வழக்கம். மிருகங்களிடம் செய்த பரிசோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது. 2016-இல் டில்லியில் 38 ரொட்டி மாதிரிகளைச் சோதித்தபோது 32-இல் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்ததாக விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. அடுத்த மாதமே புரோமேட்டுக்கு நம் தேசத்தில் தடை பிறந்தது. ரொட்டியின் வெண்மை மோகத்துக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

உப்பிட்டும் புகையிட்டும் சோடியம் நைட்ரைட் சேர்த்தும் பதப்படுத்திய மாமிச வகைகள், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடற் புற்றுநோயின் அபாயம் நூற்றுக்கு 18 பங்கு கூடுகிறது. மாமிசம் உண்ணும் வாசகர்கள், டப்பாவில் வருவதை விட்டுக் கடையில் புதிதாக வெட்டுவதை வாங்குவது நலம்.

கடைசியாக, பாலில் கலந்து குடிக்கும் மாவுகளும், குளிர்ந்த புட்டிகளும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சு, இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவின்கீழ் விற்கக் கூடாது என்று இணைய வியாபாரிகளுக்கு அறிவுரை விடுத்தது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லையாம்! சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளுக்கு 50 கிராமைத் தாண்டலாகாது, 25 கிராமுக்குள் இருந்தால் மேல் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை. 300 மில்லி லிட்டர் கொண்ட சர்க்கரைச் சோடாப் புட்டி ஒன்றிலேயே சுமார் 30 கிராம் இருக்கிறது.

எல்லாம் விஷமா?

இதைப் படித்துவிட்டு, பொட்டலத்தில் வரும் யாவும் விஷம் என்று யாரும் பீதியடைய வேண்டாம். பதப்படுத்துவது பாவமல்ல. நம் வற்றலும், ஊறுகாயும், அப்பளமும், கருவாடும் பதப்படுத்தியவையே. உப்பில் அயோடின் சேர்ப்பதால் கழலை நோய் தடுக்கப்படுகிறது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்துக்கு 330 என்ற எண். எண்ணைக் கண்டவுடன் பயப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை. 'அஜினோமோட்டோ' என்று நாம் சொல்லும் உப்பைப் பற்றி வீட்டுக்கு வீடு அச்சம் இருக்கிறது. சாதாரண அளவில் அது தீங்கு செய்வதாக உணவுப் பாதுகாப்பு ஸ்தாபனங்கள் முடிவு கட்டவில்லை. நல்ல பசு நெய்யேயானாலும் கிண்ணம் கிண்ணமாக உண்டால் இருதயத்துக்கு ஆகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தனித்தனியே ஒவ்வொரு பொருளும் குற்றமற்றது என்று ருசுவானாலும், பல சேர்ந்து ஆலையில் உருவான ஆகாரம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. 2019-இல் அமெரிக்க தேசீய சுகாதார ஸ்தாபனத்தில் கெவின் ஹால் என்பவரும் அவருடைய சகாக்களும் 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலை ஆகாரமும், இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். பரிமாறியவற்றில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து முதலியவை ஒரே அளவு. வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டார்கள். ஆலை ஆகாரத்தின்போது ஒவ்வொருவரும் தினம் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறிற்று. சாதாரணச் சமையலில் அதே அளவு இறங்கிற்று. போதும் என்று சொல்லும் வயிற்றின் குரலையே இந்த ஆகாரம் அமுக்கிவிடுகிறது போலும்!

வீட்டில் செய்யக்கூடியவை

பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். பின்பக்கத்தைப் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களில் சர்க்கரையும் மைதாவும் பாமாயிலும் இருந்தால், முன்பக்கத்தில் பாதாம் பருப்பின் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மயங்க வேண்டாம். குளுகோஸ் பாகு, டெக்ஸ்டிரோஸ், இன்வர்ட் பாகு என்பனவெல்லாம் சர்க்கரையின் மாறு பெயர்கள்.

'ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு', 'வனஸ்பதி', 'ஷார்ட்டனிங்' என்ற சொற்களைக் கண்டால் வைத்துவிடுங்கள். 102, 110, 122, 124 என்பவை ஐரோப்பாவில் எச்சரிக்கை பெற்ற நிறங்களின் எண்கள். 211 சோடியம் பென்ஸோயேட். 250 சோடியம் நைட்ரைட். இந்த ஆறு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி மளிகைப் பையிலே வைத்துக்கொண்டால் போதும். பச்சைப் புள்ளியைக் கண்டு 'நல்ல உணவு' என்று நினைத்துவிடாதீர்கள். 'சைவம்' என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

மிட்டாய்க் கடையிலும் பஜ்ஜிக் கடையிலும் பொட்டலமும் இல்லை, எழுத்தும் இல்லை. அங்கே கண்ணைப் பறிக்கும் நிறமுள்ளதைத் தள்ளுங்கள். எந்த எண்ணெய், எத்தனை முறை காய்ந்தது என்று கூசாமல் கேளுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் கெடுதலான பொருள்கள் சேருகின்றன. அதற்கும் 2018 முதல் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. வீட்டிலும் அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாளும் அதன் மறுநாளும் காய்ச்சுவதை விடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளிடம் "தின்னாதே" என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. தின்னாதே என்று சொன்ன பண்டத்தின் மேல்தான் ஆசை பிறக்கும். இந்த வாரம் வீட்டிலுள்ள பொட்டலம் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "மாம்பழப் பானத்திலே மாம்பழம் எவ்வளவு இருக்கிறது, கண்டுபிடி" என்று கேளுங்கள். எந்தக் குழந்தைக்கும் துப்பறிவதிலே உற்சாகம் உண்டு. வேஷத்தைத் தானே கலைத்துப் பார்த்த குழந்தை, அந்த வேஷத்திடம் மறுமுறை எளிதில் ஏமாறாது. நம் பாட்டிமார்களுக்குத் தெரியாமல் நடந்தது, நம் பெண்களுக்குத் தெரிந்து நடக்க வேண்டாம் என்பதே நமது பிரார்த்தனை.